இடுப்புக் கிண்ணம் கழன்று எலும்பும் கரைந்துவிட்டால், மறு அறுவை எத்தனை வருடம் தாங்கும்?

பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 71 வயது. 2001ல் இடது இடுப்பு மூட்டை மாற்றினார்கள். இருபது வருடத்துக்கு மேல் ஒரு தொந்தரவும் இல்லை. போன வருடம் தொடை இடுக்கில் வலி ஆரம்பித்தது, இப்போது அந்தக் கால் கொஞ்சம் குட்டையானது போலவும் இருக்கிறது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், இடுப்பெலும்புக் குழியில் பதித்திருந்த செயற்கைக் கிண்ணம் கழன்றுவிட்டது, சுற்றியுள்ள எலும்பும் நிறையக் கரைந்துவிட்டது, மறு அறுவை செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். "இந்த வயதில் செய்யலாமா? செய்தால் எத்தனை வருடம் தாங்கும்? செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? எந்தக் கம்பெனி கிண்ணம் நல்லது?"

தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கம்பெனி பெயர் இரண்டாம்பட்சம். புதுக் கிண்ணம் அம்மாவின் சொந்த எலும்பை, அதாவது ரத்த ஓட்டம் உள்ள உயிருள்ள எலும்பை, எவ்வளவு பரப்பில் தொட்டு நிற்கப்போகிறது என்பதுதான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. பாதிக்கு மேல் தொட்டு நின்றால் இருபது வருடம் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. பாதிக்குக் கீழே போனால் கணக்கு வேறு. நான் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் எலும்பு மூட்டு அறுவை மருத்துவனாக வேலை பார்த்தவன். அம்மாவின் எக்ஸ்ரேயை நான் பார்க்கவில்லை. அதனால் இங்கே எழுதுவதை வைத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். முடிவை அவரோடு சேர்ந்து எடுங்கள்.

முதலில் ஒன்று. முதல் மூட்டு இருபது வருடத்துக்கு மேல் ஓடியது நல்ல ஓட்டம்தான். 2019ல் 'லான்செட்' மருத்துவ இதழில் தேசிய மூட்டு மாற்றுப் பதிவேடுகளைச் சேர்த்து ஓர் ஆய்வு வந்தது. அதன்படி 25 வருடம் தாண்டியும் நிற்கும் இடுப்பு மூட்டுகள் சுமார் 58 விழுக்காடு. "அன்றைக்கே சரியாகச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்காதே" என்று அம்மா மனதில் போட்டு உழப்பிக்கொண்டிருந்தால், அந்தக் கவலையை விடச் சொல்லுங்கள்.

பிறகு ஏன் எலும்பு கரைந்தது? கிண்ணத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் உள்ளுறை இருக்கும், லைனர் என்போம். அதன்மேல் தொடையெலும்பின் உச்சியில் பொருத்திய செயற்கைப் பந்து உரசி உரசிக் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உதிர்கின்றன. பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. உடம்பின் துப்புரவு வேலை பார்க்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் அவற்றை விழுங்கிவிடும், ஆனால் செரிக்க முடியாது. விழுங்கிய செல்கள் சுரக்கும் ரசாயனங்கள், எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. கிருமி இல்லை, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. எலும்பு மட்டும் வருடக்கணக்கில் குறைந்துகொண்டே வரும். வருடத்துக்கு 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தேயும் லைனரில் இந்த அரிப்பு அபூர்வம். தேய்மானம் கூடக் கூட அரிப்பும் கூடும். 1990களின் கடைசியில் தேய்மானத்தை வெகுவாகக் குறைக்கும் புதுவகைப் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் வந்தது. ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் அது வந்து சேரவில்லை. 2001ல் பல இடங்களில் பழைய வகைதான் போட்டார்கள்.

இதில் என்னை ரொம்ப வருத்தும் விஷயம், அரிப்பு நடக்கும்போது வலிக்காது என்பதுதான். கிண்ணம் எலும்பில் ஒட்டிக்கொண்டிருக்கும்வரை, அதன் பின்னால் பெரிய பொந்தே விழுந்திருந்தாலும் மனிதர் பசார் போய் மீன் வாங்கி வருவார். பிடிமானம் போய்க் கிண்ணம் ஆட ஆரம்பித்த பிறகுதான் வலி வரும். அதற்குள் நிறைய எலும்பு போயிருக்கலாம். "வலி இல்லையே, எதற்கு டாக்டரிடம் போக வேண்டும்" என்று பத்து வருடம் எக்ஸ்ரே எடுக்காமல் இருந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் குற்றமில்லை. அறுவை முடிந்து அனுப்பும்போது யாராவது அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அரிப்பு ஆரம்பத்திலேயே தெரிந்தால் பல சமயம் லைனரை மட்டும் மாற்றி, பொந்தில் எலும்புத் தூளை அடைத்து முடித்துவிடலாம். உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது இடுப்பு மூட்டு மாற்றியிருந்தால், வலி இருக்கிறதோ இல்லையோ, வருடத்துக்கு ஒன்றோ இரண்டு வருடத்துக்கு ஒன்றோ எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

சரி, எலும்பு எவ்வளவு போயிருக்கிறது என்று எப்படி அளப்பது? பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிப் பார்ப்போம். பழைய படத்தில் இடது, வலது இரண்டு பக்கப் பந்துகளின் மையமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். புதிய படத்தில் கழன்ற பக்கத்துப் பந்து மேலே ஏறியிருக்கும், கிண்ணம் சாய்ந்திருக்கும், சில சமயம் திருகு ஒன்று இரண்டாக உடைந்து தெரியும். அம்மாவின் கால் குட்டையாகத் தெரிவது இந்த ஏற்றத்தால் இருக்கலாம். சிகாகோ மருத்துவர் பப்ரோஸ்கி 1994ல் வகுத்த முறையைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். ஒன்றாம் வகையில் குழியின் விளிம்பு முழுசாக இருக்கும். இரண்டாம் வகையில் கொஞ்சம் சிதைந்திருக்கும், ஆனால் தாங்கும். மூன்றாம் வகையில் பந்து 3 சென்டிமீட்டருக்கு மேல் ஏறியிருக்கும். அதிலும் 'மூன்று ஏ' என்றால் கிண்ணம் மேலேயும் வெளியேயும் நகர்ந்திருக்கும், சொந்த எலும்பு 40 முதல் 60 விழுக்காடு வரை தொடும். 'மூன்று பி' என்றால் மேலேயும் உள்ளேயும் நகர்ந்திருக்கும், 40 விழுக்காடுகூடத் தொடாது. எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது, இடுப்பெலும்பின் மேல் பாதியும் கீழ் பாதியும் குழியின் நடுவே பிரிந்துபோன நிலை.

உங்கள் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, "அம்மாவுக்கு எந்த வகை?" என்பதுதான். எக்ஸ்ரே பல சமயம் இழப்பைக் குறைத்துக் காட்டும். அதனால் மூன்றாம் வகை என்று சந்தேகம் வந்தால் சி.டி. ஸ்கேன் எடுக்காமல் அறுவை மேசைக்குப் போகக் கூடாது.

இப்போது வருடக் கணக்கு. இரண்டாம் வகையில், துளைகள் உள்ள மேற்பரப்புடைய அரைக்கோளக் கிண்ணத்தைத் திருகுகளால் இறுக்கி வைப்போம். பழையதைவிடப் பெரிய கிண்ணமாக இருக்கும். பெண்களுக்கு 62 மில்லிமீட்டர், ஆண்களுக்கு 66 மில்லிமீட்டர், அல்லது அதற்கும் மேலே போனால் ஜம்போ கிண்ணம் என்போம். எலும்பு அதற்குள் வளர்ந்து பிடித்துக்கொண்டால் அப்புறம் அது லேசில் கழலாது. இப்படி மறு அறுவை செய்தவர்களை 20 வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், தளர்ந்து கழன்ற உலோகக் கிண்ணம் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. திரும்பவும் மேசைக்கு வந்தவர்களில் பலர் லைனர் தேய்ந்ததாலோ மூட்டு விலகியதாலோ வந்தவர்கள்.

இன்னொரு வழி நெதர்லாந்தின் நைமேகன் நகரில் 1979ல் ஆரம்பித்தது. தானமாக வந்த எலும்பைச் சிறு துண்டுகளாக்கிக் குழியில் போட்டு, சுத்தியலால் தட்டித் தட்டி இறுக்கி, அதன்மேல் சிமெண்ட் வைத்துப் பிளாஸ்டிக் கிண்ணத்தைப் பதிப்பார்கள். காலப்போக்கில் அந்தத் துண்டுகள் நோயாளியின் சொந்த எலும்பாக மாறிவிடும். 20 வருடத்துக்குப் பிறகு பார்த்தபோது, எந்தக் காரணத்துக்காகவும் மறுபடி அறுக்கப்படாதவை நான்கில் மூன்று. தளர்ச்சியை மட்டும் கணக்கில் எடுத்தால் 87 விழுக்காடு நின்றது. இழந்த எலும்பைத் திருப்பிக் கொடுப்பது இதன் பெரிய பலம். வயது குறைந்தவர்களுக்கு, அதாவது இன்னொரு அறுவை வரும் என்று தெரிந்தவர்களுக்கு, இது எனக்குப் பிடித்த வழி. ஆனால் விளிம்பே இல்லாத பெரிய ஓட்டைக்கு இது மட்டும் போதாது.

மூன்றாம் வகைக்கு முன்பெல்லாம் தானமாக வந்த பெரிய எலும்புத் துண்டைத் திருகி வைத்தோம், அல்லது இடுப்பெலும்பின் மேலும் கீழும் கால் ஊன்றிய உலோகக் கூண்டைப் போட்டோம். இரண்டும் முதல் சில வருடங்கள் அழகாக இருக்கும். அப்புறம் அந்த எலும்புத் துண்டு கரைய ஆரம்பிக்கும். கூண்டுக்குள் எலும்பு வளராது, ஆகவே அது நாள்பட அசைந்து அசைந்து உடையும். 1990களின் கடைசியில் டாண்டலம் உலோகத்தில் செய்த கிண்ணங்கள் வந்து நிலைமையை மாற்றின. பார்க்கக் கடற்பஞ்சு மாதிரி இருக்கும். 75 முதல் 80 விழுக்காடு வரை வெறும் துளைகள். எலும்போடு உரசிப் பிடிக்கும் தன்மை அதிகம் என்பதால் குறைவான பரப்பிலும் முதல் நாளிலிருந்தே அசையாமல் நிற்கும். ஓட்டையை அடைக்க அதே உலோகத்தில் ஆப்புத் துண்டுகளும் உண்டு. இதன் பத்து வருட முடிவுகள் பல இடங்களில் 90 விழுக்காட்டுக்கு மேல். இருபது வருட அனுபவம் இப்போதுதான் சேர்ந்துவருகிறது. மிக மோசமான இழப்புக்கு சி.டி. ஸ்கேனை வைத்து அந்த ஒரு நோயாளிக்காகவே முப்பரிமாண அச்சில் செய்யும் கிண்ணம் இருக்கிறது. செய்து வரப் பல வாரமாகும், விலையும் அதிகம்; அதை எல்லோருக்கும் சொல்ல மாட்டேன்.

90, 87 என்றெல்லாம் சொன்னேனே, அந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'நின்றது' என்றால் மறுபடி அறுவை செய்யவில்லை என்று மட்டுமே பொருள். கிண்ணம் லேசாகக் கழன்றும், உடம்பு தாங்காது என்பதால் அறுவைக்கு வராத முதியவர் 'நின்ற' கணக்கில்தான் இருப்பார். விந்தி நடப்பவரும் அதே கணக்கில்தான். அதனால் டாக்டரிடம் "எத்தனை விழுக்காடு வெற்றி?" என்று மட்டும் கேட்காதீர்கள். "அம்மா ஊன்றுகோல் இல்லாமல் நடப்பாரா, கால் உயரம் சரியாகுமா, இதே வகை இழப்புக்கு நீங்கள் செய்து பழகியிருக்கிறீர்களா?" என்றும் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்பட வேண்டாம். இந்த வேலையைத் தொடர்ந்து செய்பவர்கள் இந்தக் கேள்வியை மதிப்பார்கள்.

மேசையில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். கழன்ற கிண்ணம் பெரும்பாலும் கையோடு வந்துவிடும். அதன் பின்னால் பழுப்பு நிறச் சவ்வு அப்பியிருக்கும். அதைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தால்தான் உண்மையான எலும்பு தெரியும். ரத்தம் கசிகிற எலும்பு நல்ல எலும்பு. பிறகு அளவு பார்க்கும் கிண்ணத்தை வைத்து அதன் விளிம்பை விரலால் அழுத்துவேன். எலும்புக்கும் கிண்ணத்துக்கும் இடையில் ரத்தமோ நீரோ கொப்பளித்தால் அது அசைகிறது என்று அர்த்தம். அடுத்து இடுப்பெலும்பின் கீழ்ப் பாதியைக் கருவியால் மெல்ல அழுத்திப் பார்ப்பேன். மேல் பாதி கூடவே நகராவிட்டால் இரண்டும் பிரிந்துவிட்டன, எக்ஸ்ரேயில் தெரியாவிட்டாலும். அதனால்தான் மாற்றுத் திட்டத்துக்கான கருவிகளும் உலோகமும் அந்த அறையிலேயே தயாராக இருக்க வேண்டும். பழக்கமில்லாத இடத்தில் இதைச் செய்யக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதும் இதனால்தான்.

அடுத்து, மூட்டு விலகல். மறு அறுவைக்குப் பிறகு முதல் சில மாதங்களில் வரும் பெரிய தொல்லை இதுதான். தசைகள் இரண்டாம் முறை வெட்டுப்பட்டுத் தளர்ந்திருக்கும். 1970களில் பிரான்சில் பூஸ்கே என்ற மருத்துவர் உருவாக்கிய இரட்டை அசைவுக் கிண்ணம் இதற்கு நல்ல பாதுகாப்பு. பெரிய பிளாஸ்டிக் பந்துக்குள் சிறிய பந்து சுழலும். அம்மா வயதுக்காரர்களுக்கு மறு அறுவையில் நான் அதைத்தான் விரும்புவேன்.

ஆனால் அறுவைக்கு முன்பே தீர்க்க வேண்டிய விஷயம் கிருமித் தொற்று. கழன்ற ஒவ்வொரு மூட்டையும், தொற்று இல்லை என்று நிரூபணமாகும்வரை தொற்று உள்ளதாகவே நினைக்க வேண்டும். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகள் எடுப்பார்கள். அவை கூடியிருந்தாலோ சந்தேகம் இருந்தாலோ ஊசி போட்டு மூட்டு நீரை எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்கு முன் கிளினிக்கில் ஆண்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். தொற்று இருந்தால் பெரும்பாலும் இரண்டு கட்ட அறுவை: முதலில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மருந்து கலந்த தற்காலிகத் துண்டை வைத்து, சில வாரமோ மாதமோ கழித்துப் புதியது. தொற்றைக் கவனிக்காமல் விலையுயர்ந்த கிண்ணம் வைப்பது பணத்தையும் எலும்பையும் சேர்த்து இழக்கும் வழி.

நம் மக்களிடம் இரண்டு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்று சர்க்கரை. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. எல்லா இனத்தையும்விட அதிகம். கட்டுப்படாத சர்க்கரையோடு இந்த அறுவைக்குப் போனால் தொற்று வரும் வாய்ப்பு கூடிவிடும். மூன்று மாதச் சராசரியைப் பார்த்து, குறைத்துவிட்டுப் போங்கள். இரண்டாவது, மூட்டுவலிக்குப் பசாரிலும் தெரிந்தவர் மூலமும் வாங்கும் ஜாமு, 'மூலிகை' மாத்திரைகள். சாப்பிட்ட மறுநாளே வலி பறந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். சுகாதார அமைச்சு இதைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. அது எலும்பை மெலிவாக்கும், காயம் ஆறவிடாது. அம்மா அப்படி எதுவும் நாள்பட்டுச் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரியலாம். பாட்டிலோடு டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.

எலும்புத் துண்டு யாருடையது என்று பலர் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். பெரும்பாலும் மூட்டு மாற்றிக்கொண்ட வேறொரு நோயாளி தானமாகக் கொடுத்த தொடையெலும்புத் தலை. சோதித்து, பதப்படுத்தி, உறைநிலையில் எலும்பு வங்கியில் வைத்திருப்பார்கள். மாட்டு எலும்பிலிருந்து தயாரிக்கும் மாற்றும் உண்டு. அம்மாவுக்கு அதில் மனம் ஒப்பவில்லை என்றால் முன்பே சொல்லிவிடலாம், வேறு வழி பார்ப்பார்கள்.

அறுவைக்குப் பிறகு? முதல் 6 முதல் 12 வாரம் அந்தக் காலில் முழு எடை வைக்க வேண்டாம் என்பார்கள். வாக்கர், பிறகு ஊன்றுகோல். கோலை நல்ல கால் பக்கக் கையில் பிடிக்க வேண்டும், பலர் மாற்றிப் பிடிக்கிறார்கள். வலி நன்றாகக் குறையும், அதை நம்பிக்கையோடு சொல்லலாம். விந்தல் கொஞ்சம் மிஞ்சலாம். தரையில் சம்மணம் போடுவது, குந்தும் கழிவறை, தாழ்வான பிளாஸ்டிக் முக்காலி, கஞ்சில் போன்ற சிறிய காரின் பள்ளமான இருக்கை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். இருக்கையில் திண்டு போட்டு உயர்த்துங்கள். ஜார்ஜ்டவுன் அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் உள்ள நடைபாதையில், கடைக்குக் கடை மட்டம் மாறும், அங்கே கூட ஒருவர் இருக்கட்டும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறலாமா என்று அம்மா கட்டாயம் கேட்பார். 500க்கு மேற்பட்ட படிகள், கூட்டம், ஈரம். முதல் வருடம் அடிவாரத்திலிருந்தே கும்பிடட்டும். எலும்பு பிடித்துவிட்டது என்று எக்ஸ்ரேயில் தெரிந்தபின், கூட்டமில்லாத ஒரு காலையில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முடிந்தவரை ஏறலாம்.

செலவைப் பொறுத்தவரை, அரசு மருத்துவமனையில் வார்டு கட்டணம் சொற்பம், ஆனால் உலோகத்துக்குப் பணம் கட்டச் சொல்லலாம். அரசு ஓய்வூதியக் குடும்பம் என்றால் ஜி.எல். கடிதம், அதாவது செலவுக்கான உத்தரவாதக் கடிதம், கேளுங்கள். இல்லையென்றால் அதே மருத்துவமனையின் கெர்ஜா சோசியல் பெருபாத்தான் (மருத்துவச் சமூகப் பணி) பிரிவில் போய் உட்கார்ந்து பேசுங்கள். உதவி நிதிக்கு அவர்கள் மூலமாகத்தான் போக வேண்டும்.

செய்யாமல் விட்டால்? இதயமோ நுரையீரலோ ரொம்ப மோசமாக இருந்து, வீட்டுக்குள் வாக்கரோடு நடந்தால் போதும் என்று அம்மாவே சொன்னால், செய்யாமல் இருப்பதும் மரியாதையான முடிவுதான். அதற்காக யாரும் பிள்ளைகளைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் உடம்பு தாங்கும் என்று மயக்க மருத்துவர் சொன்னால், 71 வயதைக் காரணம் காட்டித் தள்ளிப்போடாதீர்கள். ஆடும் கிண்ணம் ஒவ்வொரு அடியிலும் எலும்பை இன்னும் தேய்க்கும். இன்று இரண்டாம் வகையாக இருப்பது அடுத்த தைப்பூசத்துக்குள் மூன்றாம் வகையாகலாம், இடுப்பெலும்பு பிரியவும் செய்யலாம். அப்புறம் நீங்களே செய்யச் சொன்னாலும் அது வேறு அறுவையாகிவிடும்.

போகும்போது பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். 2001ல் அறுவை செய்த மருத்துவமனையில் அறுவைக் குறிப்பும், அதில் ஒட்டியிருக்கும் உலோகத்தின் ஸ்டிக்கரும் கிடைக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். தொடையெலும்புக்குள் இருக்கும் தண்டு உறுதியாக இருந்தால் அதை அப்படியே விட்டுக் கிண்ணத்தை மட்டும் மாற்றலாம். ஆனால் புதுப் பந்து அந்தத் தண்டின் கழுத்து அளவுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். அளவு தெரியாமல் போய், பொருந்தும் பந்து கிடைக்காவிட்டால், நன்றாக இருக்கும் தண்டையும் எலும்பைப் பிளந்து எடுக்க வேண்டிவரும்.